பாலைநிலத்தின் அடியில் நீந்தும் வண்டுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் யில்கார்ன் என்று ஒரு பிரதேசம் உண்டு. செம்மண்ணும், நம்முடைய வேல மரத்தின் பங்காளியான மல்கா என்னும் குறுமரமும், மழை பெய்தபின் சில காலம் மட்டும் நீர் கட்டிப் பிறகு உப்புப் பூத்துக் கிடக்கும் அகன்ற ஏரிகளும் அன்றி வேறு காட்சி அதிகமில்லாத அந்த நிலத்தில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றைக் காண்பது அரிது. நீர்வண்டுகளைத் தேடி ஒருவர் அங்கே போவார் என்று எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆயினும், நிலத்தடி நீரிலேயே பிறந்து, அங்கேயே இரை தேடி, அங்கேயே மடிகின்ற குருட்டு நீர்வண்டுகள் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மிகுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருப்பது இந்த வறண்ட பிரதேசத்தின் அடியிலேதான். சென்ற நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரையில் இவற்றுள் ஒன்றுக்கேனும் பெயர் கிடையாது. இன்றோ சுமார் நூறு இனங்கள் முறையாக வர்ணிக்கப்பட்டு, பெயரிடப்பட்டு, விஞ்ஞானத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கின்றன. ஒரு புதிய இனம் எவ்வாறு அடையாளம் காணப்படுகிறது, அதை வர்ணிப்பது என்றால் என்ன என்று அறிய விரும்புவோர்க்கு இவற்றின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் அகப்படுவது கடினம்.

அந்த நிலத்தின் அடியில் நீர் தங்கியிருக்கும் வகையை முதலில் சொல்லவேண்டும். மிகப் பழைய காலத்தில் அங்கே பெரிய ஆறுகள் ஓடின. அவற்றின் பள்ளத்தாக்குகள் இன்று மண்மூடிக் கிடக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்குகளின் வழியே மெல்ல ஊர்ந்து உப்பேரிகளை நோக்கிச் செல்லும் நிலத்தடி நீர், ஏரியை அடைவதற்குச் சற்று முன்னர் மேல்மட்டத்துக்கு அருகே வந்து ஆவியாகும்போது, தான் கரைத்துக் கொணர்ந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. இவ்வாறு படிந்த சுண்ணாம்பு காலப்போக்கில் பல மீட்டர் கனமுள்ள பாறையாகிறது. நம் ஊர்களில் சுக்கான்பாறை என்று சொல்லப்படுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் உட்புறம் நீரால் அரிக்கப்பட்டுப் பொந்தும் பொருக்குமாக இருப்பதால், அந்த இடுக்குகளில் ஜீவராசிகள் வசிக்க முடிகிறது. ஒரு சுக்கான்பாறைக்கும் அடுத்ததற்கும் இடையே இறுகிய களிமண்ணும் வண்டலும் குறுக்கிடுகின்றன; அவற்றினூடே வண்டு நுழைந்து செல்ல வழியில்லை. ஆகவே கடல் நடுவில் சிதறிய தீவுகளைப் போல இந்தப் பாறைகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு பாறையிலும் அதற்கே உரிய இனங்கள், அடுத்த பாறையில் காணப்படாத இனங்கள், வாழ்கின்றன.

இவற்றைப் பிடிப்பதற்கு மனிதன் உள்ளே இறங்க முடியாது. ஆட்டு மந்தைகளுக்கும் மாட்டு மந்தைகளுக்கும் நீர் இறைப்பதற்காகத் தோண்டிய கிணறுகளும், தாதுப்பொருள் இருக்கிறதா என்று அறியச் சுரங்கக்காரர்கள் போட்டுவிட்டுப் போன துளைகளுமே ஆராய்ச்சியாளர்களுக்கு வாசல்கள். கூம்பு வடிவமான நுண்ணிய வலையொன்றைக் கனம் கட்டிக் கயிற்றில் இறக்கி, அடிமட்டத்து வண்டலைக் கலக்கும்படி ஏற்றியும் இறக்கியும் இழுத்து, மேலே கொணர்ந்து, அகப்பட்டதைத் தட்டில் கொட்டிப் பார்க்கவேண்டும். பல துளைகளில் ஒன்றும் அகப்படுவதில்லை. சிலவற்றில், வெளிறிய பழுப்பு நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட பருமனுள்ள வண்டு ஒன்று தட்டில் ஊர்வது தெரியும்.

அடையாளம் காணும் காரியம் அப்போதுதான் தொடங்குகிறது. அது நீர்மூழ்கி வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பயின்ற கண் விரைவிலேயே சொல்லிவிடும்: பின்னங்கால்களின் அடித்தகடுகள் மார்பின் அடிப்புறத்தோடு அசையாமல் ஒட்டிக்கொண்டு, வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாகப் பிரிக்கும், அந்தக் கால்கள் தட்டையாகி, நீந்துவதற்கு உதவும் மயிர்வரிசை பெற்றிருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் உலகமெங்கும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றைப் புதியது என்று சொல்லத் துணிகிறவர் அதற்கு நெருங்கிய உறவினங்கள் அனைத்தையும் அறிந்திருக்கவேண்டும். நூறாண்டுகளுக்கு முன் எந்த மொழியில், எந்தச் சஞ்சிகையில் வெளியான வர்ணனையாயினும் அதைத் தேடிப் படித்திருக்கவேண்டும். சந்தேகம் நேர்ந்தால் அந்தப் பழைய வர்ணனைக்கு ஆதாரமான அதே வண்டை, அது எந்த நாட்டுக் காட்சிச்சாலையில் ஊசியில் கோத்து வைக்கப்பட்டிருந்தாலும், வரவழைத்தோ போய்ப் பார்த்தோ ஒப்பிடவேண்டும். இந்தப் பொறுமையான ஒப்பீடே வேலையின் பெரும் பகுதி; ‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ என்று பத்திரிகைகளில் வரும் இரண்டு வரிச் செய்தியில் இதன் சாயலைக்கூடக் காண முடியாதது எனக்கு வருத்தம் தருவது.

புற உருவத்தில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு வண்டுகளைப் பிரித்தறிய நிபுணர்கள் பெரிதும் நம்புவது ஆண்வண்டின் ஜனனேந்திரியத்தை. ஓர் இனத்துக்குள் அதன் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. நெருங்கிய உறவினங்களுக்கு இடையிலோ அது வளைவிலும், நுனியின் அமைப்பிலும், பக்கத் தகடுகளின் வடிவிலும் திட்டமாக வேறுபடுகிறது. எனவே வண்டை நீரில் ஊறவைத்து இளக்கி, உருப்பெருக்கியின் கீழே நுண்ணிய ஊசியால் அந்த உறுப்பை வெளியே எடுத்து, ஒட்டிய சதையைக் காரத்தால் நீக்கித் தெளிவாக்கி, கிளிசரினில் வைத்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் தெரியும் தோற்றங்களைச் சித்திரமாக வரைகிறார்கள். ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே நீளமுள்ள ஓர் உறுப்பின் சித்திரம், பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் எல்லோரும் வைத்து ஒப்பிடும் அளவுகோலாகிறது என்பதை நினைக்கும்போது, அதை வரையும் கையின் பொறுப்பு எத்தகையது என்று விளங்கும்.

புதியது என்ற முடிவு ஏற்பட்டபின் வர்ணனை எழுதப்படுகிறது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டு பிராணிகளின் பெயர்கள் வழங்கி வருகின்றன. அவற்றை இன்று ஒரு சர்வதேச விதித்தொகுப்பு ஆளுகிறது. அந்த விதிகளின்படி, பெயர் செல்லுபடியாவதற்கு அது முறைப்படி பிரசுரமாகவேண்டும். பிற இனங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் லக்ஷணங்கள் சொற்களால் கூறப்படவேண்டும். இவற்றோடு, 1999-க்குப் பிற்பட்ட பெயர்களுக்கு, எந்த ஒரு மாதிரிமீது அந்தப் பெயர் நிலைநாட்டப்படுகிறது என்பதும், அந்த மாதிரி எந்தக் காட்சிச்சாலையில் சேர்க்கப்படுகிறது என்பதும் வெளிப்படையாகக் குறிக்கப்படவேண்டும். பெயர் சுமக்கும் அந்த ஒரே வண்டை மூலமாதிரி எனலாம். ஆசிரியர் எழுதியதில் பிழையிருக்கலாம், சித்திரம் தெளிவின்றி இருக்கலாம். மூலமாதிரியோ எவரும் திரும்பப் போய்ப் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறது. இன வர்ணனை என்பது, இன்ன காரணங்களால் இது தனி இனம் என்று ஒருவர் தம் பெயரிட்டுச் சொல்லி, மறுக்க விரும்புகிறவர் மறுப்பதற்குரிய சான்றையும் கூடவே வைத்துவிடும் வாக்குமூலம். பெயர் சூட்டும் சடங்கைக் காட்டிலும் இந்தப் பகுதியே எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

அந்த மறுபரிசீலனை எப்படி நடக்கிறது என்பதற்கு யில்கார்ன் வண்டுகளே சாட்சி. அடிலெய்டு நகரத்துக் காட்சிச்சாலையைச் சேர்ந்த கிறிஸ் வாட்ஸும், பெர்த் நகரத்துக் காட்சிச்சாலையைச் சேர்ந்த வில்லியம் ஹம்ஃப்ரீஸும் 1999-ல், ஆஸ்திரேலிய நிலத்தடி நீரிலிருந்து கிடைத்த ஐந்து புதிய இனங்களை வர்ணித்து, அவற்றுக்காக மூன்று புதிய பேரினங்களையும் நிறுவினார்கள். அவர்கள் கண்ட உருவங்களோ மேற்பரப்பு நீர்வண்டுகளினின்றும் அவ்வளவு வேறுபட்டிருந்தன: கண்கள் மறைந்து வெறும் தழும்புக் கோடாகியிருந்தன, பறக்கும் சிறகுகள் குறுகி, அவற்றை மூடும் கெட்டியான மேற்சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, கறுப்பு நிறம் போய்விட்டிருந்தது. இத்தகையவற்றுக்குத் தனிப் பேரினம் வகுப்பது இயல்பே. ஆனால் இருளில் வாழும் வாழ்க்கை, எந்த வம்சத்தில் வந்தவற்றையும் இதே கோலத்துக்குத்தான் கொண்டுவருகிறது. பிற்பாடு டி.என்.ஏ. ஒப்பீடு நடந்தபோது, இரண்டு தனிக் கிளைகளைச் சேர்ந்த மேற்பரப்பு வண்டுகள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், தனித்தனியே பூமிக்கடியில் புகுந்து ஒரே சாயலை அடைந்திருக்கின்றன என்பது தெரிந்தது. ரெம்கோ லெய்ஸ், வாட்ஸ், ஸ்டீவன் கூப்பர், ஹம்ஃப்ரீஸ் ஆகியோர் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்தக் கண்டம் வறண்டுகொண்டு வந்த காலத்தில், அதாவது சுமார் 40 லட்சம் முதல் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பிரவேசங்கள் நிகழ்ந்திருக்கவேண்டும் என்று கணித்தது. அதன் பின்னர் நிலத்தடி வண்டுகளுக்காகவே வகுக்கப்பட்ட பேரினங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சில 2004-ல் லிம்போடெஸ்ஸஸ் என்னும் பேரினத்திலும், வேறொன்று 2008-ல் பாராஸ்டர் என்னும் பேரினத்திலும் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டும் மேலே ஓடைகளிலும் குட்டைகளிலும் இன்றும் நீந்தும் வண்டுகளுக்கு உரிய பழைய பெயர்கள். அந்த 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் செய்த இருவரில் வாட்ஸும் ஒருவர்.

டி.என்.ஏ. மற்றோர் உதவியும் செய்தது. வண்டின் புழுப்பருவம் வளர்ந்த வண்டைச் சிறிதும் ஒத்திராது. நிலத்தடி வண்டுகளைத் தொட்டியில் வளர்த்துப் புழு எது, தாய் எது என்று பார்ப்பதும் எளிதன்று. வலையில் தனியே கிடைத்த புழுவின் டி.என்.ஏ.யை வண்டினுடையதோடு ஒப்பிட்டு, இது இதன் சந்ததி என்று நிச்சயிக்க முடிந்தபின்பே பல இனங்களின் புழுப்பருவம் வர்ணனைக்குள் வந்தது.

லியோனோரா என்னும் ஊருக்கு அருகே உள்ள ஸ்டர்ட் மெடோஸ் என்னும் மேய்ச்சல் பண்ணையின் சுக்கான்பாறை இந்த ஆராய்ச்சியில் தனிப் புகழ் பெற்றது. தாது தேடியவர்கள் அங்கே வரிசை வரிசையாகப் போட்டு வைத்த துளைகள் ஆராய்ச்சிக்கு மிக வாய்ப்பாக அமைந்தன. அந்த ஒரே பாறையில் மூன்று பாராஸ்டர் இனங்கள் கூடி வாழ்கின்றன. 2006-ல் வாட்ஸும் ஹம்ஃப்ரீஸும் அவற்றைப் பருமனின்படி மாக்ரோஸ்டர்டென்சிஸ், மீசோஸ்டர்டென்சிஸ், மைக்ரோஸ்டர்டென்சிஸ் என்று பெயரிட்டனர். மூன்றும் உடன்பிறந்த இனங்கள் என்பது ஒரு கேள்வியை எழுப்பியது. மூன்று மூதாதையர் மூன்று முறை மேலிருந்து இறங்கினார்களா? அல்லது ஒரு மூதாதை இறங்கி, இருளுக்குள்ளேயே மூன்றாகப் பிரிந்ததா? பார்பரா லாங்கில் முதலியோர் 32 நிலத்தடி பாராஸ்டர் இனங்களையும் 5 மேற்பரப்பு இனங்களையும் ஆராய்ந்து 2021-ல் இதற்கு விடை கூறினார்கள். ஒளியை உணர்வதற்கான மரபணுக்கள் பயனற்றுப்போன நிலையில் சிதைவதைத் தடுக்க இயற்கையில் எதுவும் இல்லை. அத்தகைய மரபணுக்களில் ஒரே இடத்தில் ஏற்பட்ட ஒரே சிதைவு மூன்று இனங்களிலும் பொதுவாகக் காணப்பட்டது. பிரிவதற்கு முன்னமே மூதாதை குருடாகிவிட்டிருந்தது என்பதே இதன் பொருள். மூன்றையும் மூன்று இனங்கள் என்று பிரித்துச் சொன்ன வர்ணனை முன்னரே இல்லாதிருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே இடமிருந்திராது.

இவற்றின் சுவாசமும் அதிசயமானது. மேற்பரப்பு நீர்மூழ்கி வண்டு, மேற்சிறகின் கீழே காற்றை அடக்கிக்கொண்டு மூழ்கி, அது தீர்ந்ததும் மேலே வரும். பாறை இடுக்கில் வாழ்கிற வண்டுக்கு மேலே வர எங்கே இடம்? 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இவை நீரில் கரைந்த பிராணவாயுவைத் தோலின் வழியாகவே பெறுகின்றன என்று காட்டியது. உடல் பருத்தால் தோல்வழிச் சுவாசம் போதாது என்பது, இவை ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாததற்கு ஒரு காரணமாகிறது.

இந்த வர்ணனைகள் காட்சிச்சாலையோடு நின்றுவிடுவன அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்போர், அதனால் பாதிக்கப்படக்கூடிய நிலத்தடி ஜீவராசிகளைக் குறித்தும் சோதித்து அறிக்கை தரவேண்டியிருக்கிறது. சோதனையில் அகப்படும் வண்டு வர்ணிக்கப்படாததாக இருந்தால் அதற்குத் தற்காலிகமாக ஓர் எண் வைத்துக் குறிக்கிறார்கள்; ஒருவர் வைத்த எண்ணும் மற்றொருவர் வைத்த எண்ணும் ஒரே வண்டைக் குறிக்கின்றனவா என்பதை, மாதிரிகளையோ டி.என்.ஏ.யையோ மறுபடி ஒப்பிடாமல் கூற இயலாது. அது அந்த ஒரே பாறைக்கு உரியதா, பத்துப் பாறைகளில் பரவியதா என்று தெரியாமல், அதன் அழிவைப் பற்றி அரசாங்கம் எப்படித் தீர்மானிக்க முடியும்?

யீலிரீ என்னும் இடத்தில் இது நேரடியாகவே சோதிக்கப்பட்டது. அங்கே யுரேனியம் தாது அதே சுக்கான்பாறையில்தான் படிந்திருக்கிறது. தாதுவை எடுப்பதற்கு நீரை இறைத்துப் பாறையையும் அகற்றவேண்டும். மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் 2016 ஆகஸ்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. பிற அம்சங்களைத் தக்க நிபந்தனைகளால் சமாளிக்கலாம் என்று கூறிய ஆணையம், நிலத்தடி ஜீவராசிகளின் அழிவு என்னும் ஓர் அம்சத்தை முன்னிட்டுத் திட்டத்தை அனுமதிக்கலாகாது என்று பரிந்துரைத்தது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள குருட்டுப் பிராணிகளின் பொருட்டு ஓர் அரசாங்க ஆணையம் இத்தகைய முடிவுக்கு வந்தது, அவற்றைத் துளைத் துளையாகத் தேடி, பிரித்து, வர்ணித்து வைத்தவர்களின் உழைப்பினால்தான். 2017 ஜனவரியில் மாநில அமைச்சர் அந்தப் பரிந்துரையை ஏற்காமல் திட்டத்துக்கு அனுமதி வழங்கினார். 2019-ல் மத்திய அரசாங்கமும் அனுமதி அளித்தது. அந்த முடிவு தவறென்பது என் அபிப்பிராயம். ஒரு பாறைக்கு வெளியே வேறெங்கும் காணப்படாத இனம் அந்தப் பாறையோடு போய்விடும். வேறு நிலத்தைப் பாதுகாத்து அதற்கு ஈடு செய்ய முடியாது.