போகும் வழி – 14: தேங்காயும் சிலிண்டரும்

2024 அக்டோபரில் மத்திய விமானப் போக்குவரத்துத் துறை ஐயப்ப பக்தர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தது. இருமுடியில் இருக்கும் தேங்காயை அவர்கள் கேபினுக்குள் கையோடு கொண்டுபோகலாம். எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை எல்லாம் முடிந்தபின், அதுவும் 2025 ஜனவரி 20 வரைக்கும்தான். மற்றபடி முழுத் தேங்காய் விமானத்தில் லக்கேஜோடுதான் போக வேண்டும். நெய் நிரப்பி அடைத்து, குருசாமி கட்டிக்கொடுத்த முடியை யாருக்கு லக்கேஜில் போட மனசு வரும்? அதற்காக ஒரு மந்திரியே அறிவிப்பு விட வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட் 17 அன்று லக்னோவிலிருந்து ஒரு சுற்றுலா ரயில் பெட்டி கிளம்பியது. உள்ளே சமையல் சிலிண்டர். நாகர்கோவில் வரை வந்துவிட்டு 26-ஆம் தேதி விடிவதற்குள் மதுரை யார்டில் கழற்றி நிறுத்தப்பட்டது. உள்ளே அடுப்பைப் பற்றவைத்தார்கள். பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 67-ஆவது பிரிவு ஆபத்தான பொருள்களைத் தடுக்கிறது. 164-ஆவது பிரிவு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. நாட்டின் வடக்கிலிருந்து தென்கோடி வரை வந்தும் அந்தச் சிலிண்டர் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் “ஏர்போர்ட் மாதிரி ரயிலுக்கும் செக்கிங் வைக்க வேண்டியதுதானே” என்று ஒரு குரல் எழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பெட்டி வந்தே பாரத்தில் 1,128 இருக்கைகள். ஆளுக்குப் பத்து விநாடி என்றாலும் ஒரே வரிசையில் எல்லோரும் ஏறி முடிக்க மூன்று மணி நேரம் தாண்டும். சென்ட்ரலில் அத்தனை பேரையும் சோதித்தே அனுப்பினாலும், நடுவழியில் இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில் மூட்டையோடு ஓடிவந்து ஏறுகிறவரை என்ன செய்வது? விமானத்தில் கதவைச் சாத்திவிட்டால் இறங்கும் ஊர்வரை புதிதாக ஒருவரும் ஏற முடியாது. நடுவானில் தீப்பிடித்தால் சங்கிலியை இழுத்து இறங்கவும் முடியாது. தேங்காய்க்கு அத்தனை கெடுபிடி காட்டுவதில் எனக்கு வருத்தமில்லை.

ரயிலுக்குக் கீழே 68,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை வேறு திறந்து கிடக்கிறது. 1987 மார்ச்சில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எழும்பூரில் எத்தனை ஸ்கேனர் வைத்திருந்தாலும் அந்தக் குண்டு அதில் சிக்கியிருக்காது.

ஆகவே எல்லோரையும் சோதிக்கும் பேச்சை விட்டுவிடலாம். ஆனால் மதுரையில் எரிந்ததுபோல் மொத்தமாக வாடகைக்கு எடுத்த பெட்டி அப்படி இல்லையே. போகிறவர்கள் யார், எங்கெங்கே நிற்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். யார்டில் மணிக்கணக்கில் சும்மா நிற்கும். அதைச் சோதிக்க ஸ்கேனர்கூட வேண்டாம், ஏறி எட்டிப் பார்த்தாலே போதும்.

யார் ஏறிப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல். 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஐசி 814 காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து விமான நிலையக் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கைக்குப் போனது. ரயிலில் அப்படி ஒரே கை கிடையாது. ஆர்.பி.எஃப். ரயில்வே துறையின் படை. கொலை, கொள்ளை என்றால் வழக்குப் பதிய வேண்டியது மாநில அரசின் ரயில்வே போலீஸ். ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் உள்ளூர் போலீஸ்.

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் பிளாட்பாரத்தில், ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ஸ்டேஷனில் ஒரு சிசிடிவி கேமராகூட இல்லை. வெளியே தெருக்களில் இருந்த கேமராக்களின் பதிவைத்தான் போலீஸ் தேட வேண்டியிருந்தது. ரயில்வே போலீஸ் கையில் இருந்த வழக்கு, ஐகோர்ட் தலையிட்ட பிறகு, மூன்று நாள் கழித்து மாநகர போலீஸுக்கு மாறியது.

பை திருட்டுக்கும் இதே எல்லைக் கணக்குதான். ஓடும் ரயிலில் பறிகொடுத்தால் டி.டி.ஆரிடம் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். அது வழியில் உள்ள ரயில்வே போலீஸுக்குப் போகும். பை எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே காணாமல் போனது என்று கேட்பார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.