பிடரிக்குள் ஒரு சின்னத் தசை

பின்மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில் இரு கட்டைவிரல்களையும் மென்மையாக வையுங்கள். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமும் நகர்த்துங்கள். விரலுக்கடியில் லேசான அசைவு தெரியும். கண் போகும் பக்கம் தலையைத் திருப்ப, அங்குள்ள தசைகள் அப்போதே தயாராகிவிடுகின்றன.

எங்கே இருக்கிறது?

அந்த இடத்தில், மேலடுக்கில் உள்ள பெரிய தசைகளுக்கு அடியில், பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிறு தசைகள் உள்ளன. அவற்றுள் நடுக்கோட்டை ஒட்டிக் கிடப்பது ரெக்டஸ் கேபிடிஸ் போஸ்டீரியர் மைனர். கழுத்தின் முதல் முள்ளெலும்பான அட்லஸின் பின்புறத்தில் தொடங்கி, விசிறிபோல் விரிந்து மண்டையோட்டின் அடிப்பகுதியைப் பற்றுகிறது. முதல் கழுத்து நரம்பின் பின்கிளை இதை இயக்குகிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஹாக்கும் அவருடைய சகாக்களும் 1995இல் இதைப் பற்றி முக்கியமான ஒன்றை விவரித்தார்கள். இந்தத் தசையிலிருந்து ஓர் இணைப்புத்திசு உள்நோக்கிச் சென்று, தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறையோடு சேர்கிறது. தலையை அண்ணாக்கும்போது அந்த உறை மடங்கித் தண்டுவடத்தை அழுத்தாமல் காப்பது இதன் பணியாக இருக்கலாம். உறையில் வலியுணரும் நரம்புகள் உண்டு என்பதால், சில தலைவலிகளுக்கும் இந்த இணைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. அது இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை.

இழுப்பதைவிட உணர்வது

இவ்வளவு சிறிய தசையால், ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கிவிட முடியாது. தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு நொடிதோறும் சொல்வதுதான் இதன் பெரிய வேலை. தசையின் நீளமாற்றத்தை உணரும் நுண்ணிய கதிர் உறுப்புகள் இங்கே மிக நெருக்கமாக அமைந்துள்ளன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கருச்சிசுக்களின் தசைகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், இந்தக் கூட்டத்தின் கீழ்ச்சாய் தசையில் கிராமுக்கு 242 கதிர்கள் எண்ணப்பட்டன. முதுகின் பெரிய தசைகளில் இதில் சிறு பங்குகூடக் கிடையாது. பிடரி இறுகும்போது சிலருக்கு வலியோடு ஒருவித நிலையின்மையும் வருவதற்கு இதுவும் காரணமாகலாம்.

எது இறுக்குகிறது?

கைபேசியைக் குனிந்து பார்ப்பதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். கணினித் திரையை நோக்கி முகவாயை முன்தள்ளி உட்காருவதும் அதே அளவு கவனிக்கப்பட வேண்டியது. கழுத்து முன்னே போனாலும் பார்வை நேராக இருக்க வேண்டும். அதற்காக இந்தத் தசைகள் மணிக்கணக்கில் சுருங்கியே நிற்கின்றன. இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகத்தைத் தூக்குவார்கள். அவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலே பாதித் தொல்லை குறையக்கூடும்.

மற்றவர்களுக்கு, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 நொடி வைத்து விடுங்கள். பத்து முறை போதும். வெந்நீர் ஒத்தடமும் இதமளிக்கும்.

கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள்

முடிவெட்டியபின் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். இந்தச் சிறு தசைகளுக்கு இடையில், அட்லஸின் மேல் வளைந்து, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி செல்கிறது. திடீர்த் திருகலில் அதன் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அறிகுறி சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் வரலாம். சத்தம் கேட்டால் சுகம் என்று நினைப்பவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கழுத்தில் புதிதாகக் கடும் வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதுவரை அறியாத திடீர்த் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.