வாயுக் குண்டு விளையாட்டு

ஜப்பானில் 1970-களில் தோன்றிய ஏர்சாஃப்ட் என்னும் போலிப்போர் விளையாட்டில் எறியப்படும் குண்டுகளில் ஒருவகைக்கு வெடிமருந்து வேண்டுவதில்லை. 12 கிராம் கரியமில வாயு அடைத்த எஃகுக் குப்பியே அதன் உயிர். வளையத்தை இழுத்து எறிந்தால் உள்ளூசி குப்பியைத் துளைக்க, வாயு விரிந்து பிளாஸ்டிக் ஓட்டைப் பிளக்கும். கோலி சோடாவைத் திறக்கையில் நாம் கேட்கும் ஓசையும் இவ்வாயுவினதே.

20 பாகை வெப்பத்தில் குப்பியினுள் அமுக்கம் வெளிக்காற்றினும் 50 மடங்கிற்கு மேற்பட்டது. வெப்பம் ஏறுந்தோறும் அது விரைந்தேறும். 31 பாகைக்கு மேல் இவ்வாயு திரவமாய் நில்லாது. கெலவரப்பள்ளி அணையருகே சித்திரை நண்பகல் இவ்வெல்லையைத் தாண்டும்.

வேறொரு வாயுக் கருவியாகிய கார்பைடு துப்பாக்கியால் 2025 தீபாவளியிற் போபாலில் சிறுவர் பலர் கண்களிற் காயமுற்றனர். ஆதலின் குப்பியை நிழலில் வைத்து, கண்கவசம் அணிந்த பின்னரே நாம் இதனைப் பரிசோதித்தல் வேண்டும்.