வானத்தில் வைத்த புள்ளிகள்

பாராடாங்கின் கிளித் தீவில் காமிராக்காரர்களுக்கு ஒரு பாலபாடம்

டிசம்பரில் அந்தமானில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. பாராடாங் படகுத்துறையிலிருந்து கிளம்பிய சின்னப் படகுகள், ஒரு குட்டித் தீவின் அருகே இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. முதலில் ஒரே ஒரு கிளி. பிறகு இரண்டு. கொஞ்ச நேரத்தில் வானம் முழுக்கக் கிளிகள். காமிராக்கள் படபடக்கின்றன. ஊர் திரும்பிப் பார்த்தால் பல படங்களில் இருப்பது தூசிதான்.

காமிராவைக் குறை சொல்லிப் பயனில்லை. புள்ளியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. புள்ளி பிசகினால் கோலமே பிசகும் என்பது நம் வாசல்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஓவியர் காண்டின்ஸ்கி 1926இல் புள்ளி, கோடு, தளம் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

வெற்று வானத்தில் ஒற்றைக் கிளி இருந்தால் கண் நேராக அதனிடம் போகிறது. அதை நட்டநடுவில் வைத்தால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். ஓரமாக வைத்து, அது பறக்கும் திசையில் இடம் விட்டால் படத்தில் பயணம் வந்துவிடுகிறது. இரண்டு கிளிகள் என்றால் நடுவே இல்லாத கோட்டைக் கண்ணே போட்டுக்கொள்ளும். மூன்று என்றால் முக்கோணம். கூட்டம் பெருகியதும் கண் எண்ணுவதை விட்டுவிடுகிறது. புள்ளிகள் துணியில் அச்சடித்த டிசைனாகிவிடுகின்றன. அப்போது பிடிமானத்துக்கு ஏதாவது வேண்டும். அடியில் கறுத்துத் தெரியும் மரவரிசை போதும்.

வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் கிளிகள் கறுப்பாகி, புள்ளி துலங்கும். ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 15இல் ஒரு பங்கானால் புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடும். (அதுவும் அழகுதான், வேண்டுமென்றே செய்தால்.) ஆடும் படகில் முக்காலி வீண். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதே வழி. ஃபிளாஷ் அந்தத் தூரம் எட்டாது, பறவைகளைத்தான் மிரட்டும்.

ஒற்றைப் புள்ளியை நிதானமாகப் பழக சேற்று எரிமலை இருக்கிறது. சாம்பல் நிறச் சேற்றில் வாயுக் குமிழி ஒன்று எழும்பி, உடையும். மறுபடி இன்னொன்று. சுண்ணாம்புக் குகையில் ஆட்சி செய்வது கோடுகள். அது வேறு பாடம்.

காமிராவைப் பைக்குள் வைக்க வேண்டிய இடமும் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பாராடாங் வரும் நெடுஞ்சாலை ஜராவா பழங்குடிகளின் காட்டை ஊடுருவுகிறது. அங்கே அவர்களைப் படமெடுப்பது குற்றம். ஜராவா பெண்களை ஆடவைத்து எடுத்த வீடியோ 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை மூலம் வெளியாகி நாடே கொதித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் சில வாரங்களுக்குச் சுற்றுலா வாகனங்களையே நிறுத்திவைத்தது. பச்சைக் காட்டின் ஓரம் தூரத்தில் ஒரு மனிதப் புள்ளி. காமிராக்காரருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தப் புள்ளி ஒரு மனிதர். படமெடுக்க அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

சாலையில் வாகனங்கள் போலீஸ் காவலுடன் அணியாகத்தான் போக முடியும். கடைசி அணி பிற்பகலிலேயே கிளம்பிவிடும். கிளிகளோ மாலையில்தான் வரும். ஆகவே கிளி வேண்டுமென்றால் இரவு பாராடாங்கில்தான் படுக்கை.