உங்களுக்குத் தெரியுமா? கேமிலிருந்து மாமல்லபுரத்துக்கு

'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வீடியோ கேமில் நாம் பொத்தானைத் தட்டிப் பறக்கவிடும் வீரர்களில் ஒருவர் ஜேமி தாமஸ். நிஜ ஜேமி தாமஸ் நம் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, கமலி மூர்த்தி என்ற சிறுமிக்கு ஸ்கேட்போர்டு பழக்கியிருக்கிறார்! வெறுங்காலுடன் கமலி சறுக்கும் படத்தை கேமுக்குப் பெயர் தந்த டோனி ஹாக்கே உலகுக்குப் பகிர்ந்தார். 'கமலி' ஆவணக் குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது.

• அந்த கேம் தொடர் பிளேஸ்டேஷனில் பிறந்தது 1999இல். அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்துக்கு மெட்டாக்ரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 98. மிகச் சில கேம்களே எட்டிய உயரம் அது.

• 2009இல் சறுக்கல். 'ரைட்' பாகத்துக்காக, ஏறி நின்று ஆடும் பிளாஸ்டிக் பலகை ஒன்றைச் சேர்த்து விற்றார்கள். விலை சுமார் 120 டாலர். கால் சொன்னதைப் பலகை கேட்கவில்லை.

• 2015இன் ஐந்தாம் பாகம் அதைவிட மோசம். டிஸ்க்கில் இருந்த கேமைவிட, முதல் நாளே இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்த திருத்தக் கோப்பு பெரிது!

• பழைய முதல் இரண்டு பாகங்களை மெருகேற்றி 2020இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன.