உந்தக் கோச்சியில யார் வருகினம்?

"பிள்ளை, உந்தக் கோச்சியில யார் வருகினம்?"

முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவர் 2022 ஆம் ஆண்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புகையிரதப் பாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மணித்தியாலமாக நான் வெயிலில் நின்றிருந்தேன். யாரையோ கூட்டிச் செல்ல வந்தவள் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை.

"ஒருத்தரும் வரேல்லையம்மா. கோச்சியைத்தான் படம் எடுக்கப் போறன்."

"கோச்சியையோ? அதை எடுத்து என்ன செய்யப் போறாய்?"

இந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. பத்து வருடங்களுக்கு மேலாகப் புகையிரதங்களைப் படம் பிடித்து வருகின்றேன். எனது தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதனால் ஒரு சதம் வருமானமும் இல்லை. பிடிக்கும், ஆகவே செய்கின்றேன். ஆண்பிள்ளைகள் கிரிக்கெற் பார்ப்பதற்கு எவரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணொருத்தி தனியாக ஓரிடத்தில் நின்று ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாத்திரம் ஊருக்கே காரணம் தேவைப்படுகின்றது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் 1988 இல் பிறந்தவள். யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 1990 ஜூன் மாதம் நின்றுபோனது. எனவே எனது சிறுபராயம் முழுவதும் நான் அறிந்திருந்தது கோச்சி இல்லாத கோச்சிப் பாதையைத்தான். அணைபோல உயர்ந்த ஒரு மண்பாதை. அதில் நாங்கள் பாடசாலைக்குப் போனோம், மாடு சாய்த்தோம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காவலரண்களுக்கும் பங்கர்களுக்கும் போய்விட்டன. எங்கள் வீட்டு பங்கரின் கூரையிலும் இரண்டு சிலிப்பர் கட்டைகள் இருந்தன. ஆணி அடித்த துளைகளைக் காட்டி, "இதுக்கு மேலாலதான் யாழ்தேவி ஓடினது" என்று அம்மம்மா சொல்வார். ஷெல் விழும் நேரத்தில் அந்தத் துளைகளைப் பார்த்தபடி அதன்மேல் ஓடிய கோச்சியைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

காங்கேசன்துறை வரையான வடபகுதிப் பாதை 1905 இல் பூர்த்தியானது. யாழ்தேவி 1956 ஏப்ரல் மாதம் ஓடத் தொடங்கியது. கொழும்பில் வேலை பார்த்தவர்களின் கடிதமும் பணமும், சீதனப் பேச்சும் கல்யாணமும், ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளியும் ஊருக்குத் திரும்பிய பிரேதமும் எல்லாமே இந்தப் பாதையால் வந்து போனவை. அதற்காக எல்லோருக்கும் அது இனிய நினைவு என்று சொல்வதற்கில்லை. 1985 ஜனவரியில் இதே முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி தாக்கப்பட்டு, இராணுவத்தினருடன் பொதுமக்களும் இறந்தார்கள். கோச்சிச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் நெஞ்சு பதறுகிறது என்று சொன்ன பெண்களையும் எனது வேலையில் சந்தித்திருக்கின்றேன்.

2013 செப்ரெம்பர் 14 ஆம் திகதி கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தது. எனக்கு வயது 25. கைத்தொலைபேசியால் நான் எடுத்த முதற்படத்தில் பிறருடைய தலைகளும் ஒரு கொடியும் மூலையில் சிவப்பாக ஏதோ ஒன்றும்தான் விழுந்தன. அந்தச் சிவப்புத்தான் கோச்சி. 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று, இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைப் போட்டுக்கொண்டு போகப் போக நானும் அதன் பின்னால் போனேன். முதலில் கைத்தொலைபேசி, பின்னர் சீட்டுக்காசில் வாங்கிய பழைய கமரா.

பார்க்கப் பார்க்கத்தான் விடயம் விளங்கியது. எனக்கு முன்னர் எல்லாக் கோச்சியும் ஒன்றுதான். இப்போது தூரத்தில் முகத்தைக் கண்டதும் ஊரைச் சொல்லிவிடுவேன். எம் 2 வகை இயந்திரங்கள் கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்தவை. அவற்றில் பலவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். எம் 6 ஜேர்மனியில் செய்யப்பட்டது. 1996 இல் வந்த எம் 8 இந்தியாவின் வாரணாசியில் செய்யப்பட்டது, பாரமானது. தனி இயந்திரம் இன்றி, பெட்டிக்குள்ளேயே இயந்திரம் வைத்த எஸ் 13 "பவர்செற்" சென்னை பெரம்பூரிலிருந்து வந்தது. இலக்கம் 591 கொண்ட எம் 2 இயந்திரத்தின் பெயர் மனிட்டோபா. 2004 டிசம்பர் 26 இல் பெரேலியவில் கடல் கொண்டுபோன கோச்சியை இழுத்து வந்தது இதுதான். ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட அந்த இடத்திலிருந்து மீட்டு, திருத்தி, மீண்டும் ஓட விட்டார்கள். கிழக்கில் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மாருடன் வேலை செய்த காலத்தில் இந்த இயந்திரத்தின் கதையைச் சொல்வதா விடுவதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொன்னதில்லை.

கடுகண்ணாவையில் உள்ள புகையிரத நூதனசாலைக்கு ஒருமுறை போனபோது என்னைப் போன்ற பைத்தியங்கள் சிலரைக் கண்டேன். தென்பகுதி இளைஞர்கள். கையில் குறிப்புப் புத்தகம், எந்த இயந்திரம் எந்த நாளில் எங்கே ஓடியது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். நான் வடக்கு என்றதும் மிக அன்பாகக் கதைத்தார்கள். "உங்களிடம்தான் நல்ல பாதை இருக்கிறது, எல்லாம் புதுசு, எங்கள் பக்கத்தில் ஆட்டம் தாங்கேலாது" என்றார் ஒருவர். சரிதான். அதிகமான பாதை புதிது. பழையது எங்கே போனது என்று அவருக்குச் சொன்னேன், எங்கள் பங்கர்க் கூரையைப் பற்றியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கட்டையைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. 2009 இல் வீடும் இல்லை, பங்கரும் இல்லை, கட்டையும் இல்லை. என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

புகையிரதத்தைப் படம் பிடித்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் அமெரிக்கரான வின்ஸ்ரன் லிங்க் என்பவர். நீராவி இயந்திரங்கள் மறையப் போகின்றன என்று தெரிந்து, 1955 முதல் 1960 வரை நோர்ஃபோக் அன்ட் வெஸ்ரேர்ன் என்ற கம்பனியின் பாதையோரங்களில் இரவில் நின்று, ஏராளமான மின்னொளிக் குமிழ்களை ஒரே கணத்தில் எரியவைத்துப் படம் எடுத்தவர். அவருடைய பல படங்களில் கோச்சி பின்னால்தான் போகும். முன்னால் வீட்டு அறையில் ஆட்கள் இருப்பார்கள், மாடு நிற்கும், சிறுவர்கள் குளிப்பார்கள். கோச்சி யாருடைய வாழ்க்கைக்குப் பக்கத்தால் போகிறது என்பதையும் சேர்த்து எடுத்தவர் அவர். இயந்திரத்தை மட்டும் பளபளவென்று எடுக்கும் படங்கள் எனக்கு அலுத்துப்போனது அவருடைய படங்களைப் பார்த்த பிறகுதான்.

படம் எடுப்பதில் பெரிய வித்தை ஏதுமில்லை. வன்னியில் பாதை பெரும்பாலும் வடக்குத் தெற்காகப் போவதால் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெயில் நமது முதுகில் இருக்கும், கோச்சியின் முகம் தெளிவாக விழும். நடுப்பகலில் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போகும். ஆனையிறவில் இரு பக்கமும் வெளியாக இருப்பதால் முழுக் கோச்சியும் ஒரே படத்துக்குள் வரும். கைத்தொலைபேசியே போதும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் நின்று எடுக்கக்கூடாது. அது சட்டப்படியும் குற்றம். செல்பி எடுக்கப்போய் உயிரை விட்டவர்களின் செய்திகளைப் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். புதிய பாதையில் பழைய "தடக் தடக்" சத்தம் குறைவு. நேர்பாதையில் எதிரே வரும் கோச்சியின் வேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரத்தில் நிற்பதுபோல இருக்கும், மறுகணம் பக்கத்தில் வந்துவிடும். இருபது வருடங்களுக்கு மேல் கோச்சி ஓடாத ஊர்களில் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. பாதுகாப்பற்ற கடவைகளில் வடக்கில் எத்தனை பேரை இழந்துவிட்டோம். நான் எப்போதும் கடவைக்கு வெளியே, குறைந்தது பதினைந்து அடி தள்ளித்தான் நிற்பேன்.

ஆரம்பத்தில் எனக்குக் கோச்சியைவிட மனிதர்களிடம்தான் பயம் இருந்தது. "எந்த நிறுவனம்? யார் அனுப்பியது? எதற்குப் படம்?" சீருடையில் வந்தவர்களும் கேட்டார்கள், சீருடை இல்லாமல் வந்தவர்களும் கேட்டார்கள். ஒரு தடவை எடுத்த படங்களையெல்லாம் ஒருவர் எனக்கு முன்னாலேயே அழிக்க வைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த கிழமை மீண்டும் போனேன். நிலைய அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிற்பது நல்லது என்பதை அதன்பின் கற்றுக்கொண்டேன்.

முறிகண்டி அம்மாவிடம் வருகிறேன். அன்று எடுத்த படத்தை அவருக்குக் காட்டினேன். விரலால் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1982 இல் கலியாணம் முடித்த கையோடு கிளிநொச்சியில் ஏறி, கணவருடன் மூன்றாம் வகுப்பில் கொழும்புக்குப் போனதாகச் சொன்னார். யன்னலோரம் தனக்குத் தந்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தாராம். கணவர் யுத்தத்தில் இறந்துவிட்டார். மகன் 2009 மே மாதத்தில் இருந்து இல்லை. கலியாணப் படம் உட்பட எல்லா அல்பங்களும் முள்ளிவாய்க்காலில் போய்விட்டன.

"என்னையும் கோச்சியையும் சேர்த்து ஒண்டு எடு பிள்ளை" என்றார்.

முதல் நாள் நல்ல சேலை உடுத்தி, கச்சான் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, கமராவைப் பார்த்து ஆடாமல் நின்றார். கோச்சி கூவியதும் திரும்பிவிட்டார். கடைசிப் பெட்டி போகும்வரை ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கிடைத்தது அவருடைய முதுகும் கொண்டையும்தான். இரண்டாம் தடவை கண்டிப்பாகக் கமராவைப் பார்த்தார், ஆனால் நான் பிந்திவிட்டேன், படத்தில் வெறும் தண்டவாளம். பிறகு 2023 ஆம் ஆண்டின் முற்பாதியில் அநுராதபுரம் வவுனியாப் பகுதி திருத்த வேலைக்காக மூடப்பட்டு, கொழும்புக் கோச்சி வராமல் போனது. "திரும்பவும் நிப்பாட்டிப்போட்டாங்களோ பிள்ளை?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார். இல்லையம்மா, பாதை திருத்துகிறார்கள் என்று சொன்னாலும் அவர் முகம் தெளியவில்லை. முன்பும் அப்படித்தான் சொன்னார்களாம்.

ஜூலையில் பாதை திறந்த பின்னர் மூன்றாம் தடவை சரிவந்தது. அம்மாவின் முகமும், பின்னால் ஒரு பவர்செற்றும், பெட்டியில் குவித்த கச்சானும். பெரிதாகக் கழுவிக் கொடுத்தேன். அவருக்கு அந்தப் படம் பிடித்துக்கொண்டது. எனக்கு முதல்நாள் படம்தான் பிடிக்கும். "முகமில்லாத படம் என்ன படம், நீயே வச்சிரு" என்றார். அதை நான் எவருக்கும் காட்டுவதில்லை. இங்கு எழுதுவதற்கு மட்டும் அவரிடம் சம்மதம் கேட்டேன்.

கோச்சி வகைகளை அவரும் பழகிவிட்டார். முன்னுக்கு இயந்திரம் வந்தால் "இழுவைக்கோச்சி", பவர்செற் வந்தால் "தட்டைமூஞ்சி". அந்த வருடக் கடைசியில் ஒருநாள் நான் வேலை முடித்து அவசரமாகப் புறப்பட்டுக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, ஓடி வராத. கோச்சி இன்னும் மாங்குளம் தாண்டேல்லையாம். வெயிலும் இருக்கு. சோத்தைத் திண்டிட்டு வா."