பேஸ் கிதாருக்குத் தந்தி மாற்றும் முறை



மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் இதழில் கிதாரைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டோடு மெல்லிசைக் கச்சேரியும் வைப்பது வழக்கமாகிவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் ஆலயங்களின் பாடகர் குழுக்களிலும் கிதார் வாசிக்கிறார்கள். வாசிக்கும் பிள்ளைகளில் நம் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "தந்தி மாற்றணும், ரூபாய் வேணும்" என்று பையன் வந்து நின்றால், "பழசு அறுந்தா போச்சு? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் சரியா என்பதையும், மாற்றும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். என் பேரன் ஒருவன் இந்தக் கருவியை வாசிக்கிறான். அவன் தந்தி மாற்றும்போது உடனிருந்து பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. சாதாரண கிதாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. கனமான தந்தியிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். கனமான தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அதனால்தான் அதன் ஒலி காதில் விழுவதோடு நெஞ்சிலும் தட்டுகிறது. ஆளுயரப் பெரிய பேஸ் வயலினைச் சுமந்து திரிந்த காலம் போய், 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டி வாசிக்கும் மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். நம் ஊரில் 1976-இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜா அவர்களின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு, பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டுப்போல் ஓடும் அந்தக் கனத்த நாதம் பழக்கமானதுதான்.

தந்தியின் அமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்ச் சுருதிக்குத் தந்தி கனமாக இருக்க வேண்டும். தடித்த ஒற்றைக் கம்பியைப் போட்டால் அது வளையாது, நாதமும் வராது. ஆகவே நடுவில் மெல்லிய எஃகுக் கம்பியை வைத்து, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிவிடுகிறார்கள். கனமும் கிடைக்கிறது, நெகிழ்வும் கிடைக்கிறது. மேலே சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ஒலி கணீரென்று இருக்கும். பட்டையாக இருந்தால் வழுவழுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும்.

இப்போது தந்தி ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். வாசிப்பவரின் வியர்வையும் கை எண்ணெயும் தூசியும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் போய் அடைகின்றன. நம் தொழிலில் தராசுத் தட்டின் அடியில் வெல்லப்பாகோ புளியோ ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? தராசு உடைவதில்லை, பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் எடை பொய்யாகிவிடும். தந்தியும் அப்படித்தான். ஓரிடத்தில் அழுக்கு அதிகம், ஓரிடத்தில் குறைவு என்றானபின் அது சீராக அதிர்வதில்லை. கணீரென்ற ஒலி மங்கும். திறந்த தந்தியைச் சுருதி சேர்த்தாலும், விரல் வைத்து வாசிக்கும் இடங்களில் சுருதி விலகும். பேஸ் தந்தி தடிமனாக இருப்பதால் எளிதில் அறுவதில்லை. அறுந்தால்தான் மாற்றுவேன் என்று காத்திருப்பது, தராசு ஒடிந்தால்தான் முத்திரைக்குக் கொண்டுபோவேன் என்பதைப் போன்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1960-களில் பல புகழ்பெற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் அன்றித் தந்தியை மாற்றாதவர் என்று சொல்வார்கள். அவர் போட்டது பட்டைச் சுற்றுத் தந்தி. அந்த மங்கிய ஒலியே அவருக்குத் தேவையாக இருந்தது. ஆகவே இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்க முடியாது. சுருதி நிற்கவில்லை, துரு தெரிகிறது, கையில் சொரசொரப்பு தட்டுகிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: தந்தி தங்கும் நீளம் எல்லாக் கருவிக்கும் ஒன்றல்ல. வழக்கமான பேஸ் கிதாருக்கு 34 அங்குலம். சிறிய வகைக்கு 30 அங்குலம். அளந்து பார்த்த பின்னரே கடைக்குப் போக வேண்டும். சிறியதற்கான தந்தி பெரியதற்கு எட்டாமல் போகும். பிரித்த உறையைக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். தடிமனும் பழைய செட்டின் அளவாகவே இருக்கட்டும். பெயர் பெற்ற தயாரிப்புகளுக்குப் போலிகள் உண்டென்பது வணிகர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிகவும் விலை மலிந்து வருவதைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி மாற்றும் முறை.

1. பிருடையைத் திருப்பித் தந்தியை நன்றாகத் தளர்த்த வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ மூன்று 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் பாரத்துக்குச் சமம். முறுக்கோடு இருக்கும்போது வெட்டினால் தந்தி தெறித்துக் கண்ணில் பாயக்கூடும்.

2. ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் போட்டபின் அடுத்ததைத் தொட வேண்டும். கழுத்தின் இழுவிசை அதிகம் மாறாமல் இருக்கும். எந்தத் தந்தி எங்கே என்ற குழப்பமும் வராது.

3. தந்தி எடுத்த இடத்தில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் வேலை வேண்டாம்.

4. புதிய தந்தியின் குண்டு முனை அடிப்பாலத்தில் தங்கும். மறுமுனையைப் பிருடைவரை இழுத்து, பிருடையைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். வெட்டுமுன் அந்த இடத்துக்குச் சற்று உட்புறமாகத் தந்தியைச் செங்கோணமாக மடக்கிக்கொள்வது அவசியம். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்ளே நழுவி, புதுத் தந்தி அன்றே செத்துவிடும்.

5. பிருடைத் தண்டின் நடுத்துளையில் முனையைச் செருகி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருமாறு முறுக்க வேண்டும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.

6. சுருதி சேர்த்தபின் தந்தியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சேர்க்க வேண்டும். இப்படி நான்கைந்து முறை செய்தால்தான் நிலைக்கும்.

வேறு தடிமனில் தந்தி போட்டால் கழுத்தின் வளைவு மாறலாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்வது தெரிந்தவர் வேலை. அதில் கை வைக்க வேண்டாம்.

செலவைக் குறைக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. வாசித்து முடித்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாலே ஆயுள் கூடும். ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும், திருச்செந்தூர், தூத்துக்குடிக் கடற்காற்றிலும் வாசித்து வந்தால் இது இன்னும் அவசியம். பழைய தந்திகளைக் கழற்றிப் பத்து நிமிடம் நீரில் கொதிக்க வைத்து, உடனே நன்றாக உலர்த்திப் போட்டால் அழுக்கு இளகிச் சில நாட்களுக்குக் கணீரென்று ஒலிக்கும். அது தற்காலிகம்தான், துருப்பிடித்ததை அதனால் மீட்க முடியாது. கழற்றிய செட்டில் நல்ல தந்திகளைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தால், மேடையில் ஒன்று அறும்போது கைகொடுக்கும்.

கடைசியாக, கொடைக்கும் ஆண்டு விழாவுக்கும் கச்சேரி பேசும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுத் தந்தி படிந்து நிற்க இரண்டு மூன்று நாள் ஆகும்; கச்சேரி அன்று மாலையில் மாற்றினால் பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கும். ஆனால் முன்பணத்தை மேடை ஏறும் நேரத்தில் கொடுத்தால், அந்தப் பிள்ளைகள் எதை வைத்துத் தந்தி வாங்குவார்கள்? செத்த தந்தியோடுதான் வாசிப்பார்கள். நாமும் கச்சேரி சரியில்லை என்று பேசிய தொகையில் குறைப்போம். சரக்குக்கு முன்பணம் கொடுக்கத் தெரிந்த நாம், கச்சேரிக்கும் பத்து நாள் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.